ரயிலில் எழுதியது, மேஜைக்கு வராதது

"மொபைல்ல தட்டின மாதிரி இருக்கு." ஒரு கட்டுரை மெலிந்திருந்தால், பத்திகள் இரண்டு வரியில் முடிந்துபோனால், பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொண்டால் இப்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரு வசவு. நோய் இருப்பதை நான் மறுக்கவில்லை. சொல்லும் காரணத்தோடுதான் எனக்குச் சண்டை.

எதிர்த் தரப்பும் உண்டு. "போகவர இரண்டு மணி நேரம் வீணாகிறதே, அதில் எழுதினால் வருஷத்துக்கு ஒரு புத்தகம் ஆச்சே" என்று கணக்குப் போடுபவர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டால் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பவனெல்லாம் சோம்பேறி. (வேடிக்கை பார்ப்பது வீண் என்று யார் சொன்னது? இருக்கட்டும்.) இரண்டு தரப்பும் கருவியைத்தான் பார்க்கின்றன. வாக்கியத்துக்கு என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. என் குறிப்புகளில் பெரும்பகுதி தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவே கட்டைவிரலால் எழுதப்பட்டவை. ஆகவே நான் நடுநிலைக்காரன் இல்லை. ஆனால் உள்ளே இருந்து பார்த்தவன்.

முதலில் இந்தப் பாதை. 1931 ஏப்ரல் 2-ஆம் தேதி கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் தொடங்கிவைக்கப்பட்டது. மே மாதத்திலிருந்து பொதுமக்களுக்காக ஓடியது. மீட்டர் கேஜ். அந்தப் பெட்டிகள் 2004 ஜூலை 1-ஆம் தேதியோடு ஓய்வு பெற்றன; அதற்குப் பிறகு எல்லாம் அகலப்பாதைதான். தூரம் ஏறக்குறைய 29 கிலோமீட்டர். இரண்டு முனையையும் சேர்த்து 18 நிலையங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம். அப்படியென்றால் சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம். ரயிலில் எழுதுபவனுக்கு அலகு பக்கமோ பத்தியோ இல்லை, இந்த மூன்று நிமிடம்தான். ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் ஒருவர் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்" என்பார், இன்னொருவரின் பை தோளில் இடிக்கும், கதவோரத்தில் இருப்பவர்கள் இறங்கி ஏறுவார்கள். மீனம்பாக்கத்துக்கும் திரிசூலத்துக்கும் நடுவே ஒரு நீண்ட வாக்கியத்தைத் தொடங்கினால் அது முடிவதற்குள் பல்லாவரம் வந்துவிடும்.

உட்கார இடம் கிடைத்ததா என்பது இலக்கியக் கேள்வியாகத் தெரியாது. ஆனால் அதுதான் முதல் கேள்வி. தாம்பரத்திலேயே கிளம்பும் வண்டியில் சீட் பிடித்துவிடலாம். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், பெருங்களத்தூர் என்று நிரம்பித்தான் வரும். உட்கார்ந்தால் இரண்டு கட்டைவிரல். நின்றால் ஒன்று, மற்றக் கை மேலே கம்பியில்.

தமிழுக்கு இது ஆங்கிலத்தைவிட அதிகம் வலிக்கும். தமிழ்99 விசைப்பலகை 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவாகித் தமிழக அரசின் தரமாகியது. அதன் அழகே உயிர் பெரும்பாலும் இடது கைக்கு, மெய் வலது கைக்கு என்று பிரித்ததில்தான் இருக்கிறது. தமிழில் மெய்யும் உயிரும் மாறிமாறி வருவதால் கைகளும் மாறிமாறி வேலை செய்யும். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். ண வந்து ட வந்தால் அங்கேயும் தானாக விழும். மேஜையில் இதைவிட வேகமான முறையை நான் பார்த்ததில்லை. ஒற்றைக் கட்டைவிரலுக்கு இது அப்படியே தலைகீழ்: இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் ஓட்டப்பந்தயம். போதாததற்கு, கணினியில் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் வரிசையில் பத்து விசை போதும், தமிழ்99-க்குப் பன்னிரண்டு வேண்டும். அதை உள்ளங்கை அகலத் திரையில் வைத்தால் விசைகள் அரிசி மாதிரி ஆகிவிடும். அதனால்தான் ரயிலில் நான் பார்க்கும் தமிழ் எழுத்தாளர்கள் (ஆமாம், மற்றவர்கள் திரையை எட்டிப் பார்ப்பேன், நீங்களும்தான்) பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்கிறார்கள்.

மொபைலில் தமிழ் எழுதுவது என்பதே இருபது வருஷத்துக் கதைதான். முத்து நெடுமாறனின் செல்லினம் 2005 ஜனவரியில் சிங்கப்பூரில் வெளியானது. அப்போதைய தடை ரொம்பச் சாதாரணமானது: ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து போகும், யூனிகோடு என்றால் 70 இடம்தான். அதிலும் 'கொ' என்பது இரண்டு இடத்தைச் சாப்பிடும். 2013-இல் ஐஃபோனிலேயே தமிழ்க் கீபோர்டு வந்தது. அதே 2013-இல்தான் ஜெயமோகன் 'தி இந்து' தமிழ் நாளிதழில், தமிழை ஆங்கில எழுத்துருவில் எழுதினால் என்ன என்று கேட்டுப் பெரிய சண்டையைக் கிளப்பினார். கீபோர்டுகள் அந்தக் கேள்வியை யாரும் எதிர்பாராத விதத்தில் முடித்துவைத்தன. விரல் ஆங்கிலம் தட்டுகிறது, திரையில் தமிழ் விழுகிறது. இருதரப்பும் ஜெயித்த மாதிரி. 2017-இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சிலும் தமிழ் சேர்ந்தது. மாம்பலத்தில் ஏறும் கூட்டத்துக்கு நடுவே ஃபோனைப் பார்த்து "நவீனத்துவத்தின் நெருக்கடி" என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஆக, எழுத முடிகிறது. பிரச்சினை அதற்கு அடுத்த அடியில் இருக்கிறது.

கீபோர்டுக்கு மேலே மூன்று சொற்கள் தோன்றும் பட்டை இருக்கிறதே, ஃபோனில் எழுதும் தமிழில் அதன் பங்கைப் பற்றி யாராவது ஒரு ஆய்வேடே எழுதலாம். தமிழ்ச் சொல் வாலில் வால் சேர்ந்து நீளும் சொல். 'வராவிட்டாலும்கூட' என்பதை அந்தப் பட்டை தானாகக் கொடுக்காது. 'வரல' என்பதைக் கொடுக்கும். உடனே வாக்கியம் உடைகிறது: 'வரல. ஆனாலும்...' இப்படி உடைந்த இடங்களில்தான் நாம் 'மொபைல் நடை'யைப் பார்க்கிறோம். இன்னொன்று, பட்டை சொல் சொல்லாகக் கொடுக்கிறது. இரண்டு சொல்லுக்கு நடுவே வரவேண்டிய ஒற்றைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. 'படிக்கப் போனேன்' என்பதில் அந்த 'ப்' போக, ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போய்ப் போட்டாக வேண்டும். நின்றுகொண்டு எழுதுபவர் போடமாட்டார். அது அறியாமை இல்லை, கை வலி.

பேச்சு வழக்கு எப்படி உள்ளே வருகிறது என்பதற்குத் தட்டல் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். தமிழ்99 விதிப்படி 'போய்க்கொண்டிருந்தான்' 17 தட்டல். 'போயிட்டிருந்தான்' 14. மூன்று தட்டல் லாபம். ஆனால் இவ்வளவு சின்ன லாபத்துக்காக யாரும் மொழியை மாற்றிக்கொள்ளமாட்டார்கள். உண்மையான காரணம் வேறு. அந்தக் கீபோர்டு நாள் முழுக்க நம் வாட்ஸ்அப்பில் பாடம் படிக்கிறது. அம்மாவிடம் 'சாப்டியா', நண்பனிடம் 'வந்துட்டேன்டா' என்று நாம் தட்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துவைத்துக்கொண்டு, சோழர் கால நீர்ப்பாசனம் பற்றி எழுதும்போது அதையே நீட்டுகிறது. முன்பெல்லாம் கடிதத்துக்கு இன்லண்டு, கட்டுரைக்கு முழுத்தாள், அலுவலகத்துக்குக் கோடு போட்ட நோட்டு என்று தாளே நடையை நினைவூட்டும். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடி. வழக்குக் கலப்பை நான் குறையாகச் சொல்லவில்லை, இந்தக் கட்டுரையே கலப்புதான். கலந்தது எழுதியவரா, கீபோர்டா என்று கேட்கத் தோன்றும் இடங்கள்தான் உறுத்துகின்றன.

சரி, திரும்பிப் போய்த் திருத்தலாமே? இங்கேதான் நான் சொல்ல வந்தது. ரயிலில் எழுதலாம், ரயிலில் திருத்த முடியாது. கீபோர்டு பாதித் திரையை மறைத்துவிட்டால் மீதியில் எட்டு, பத்து வரி தெரிந்தால் பெரிது. முதல் பத்தியில் என்ன சொன்னோம் என்று பார்க்க மேலே தள்ளினால், எழுதிக்கொண்டிருந்த இடம் போய்விடும். 'பள்ளி' என்பது 'பல்லி' ஆகிவிட்டதா? எழுத்துக்கு நடுவே விரலை வைத்துக் கர்சரை நிறுத்துவது ஆடும் வண்டியில் ஊசியில் நூல் கோர்ப்பது. நிறுத்தினாலும், பல கீபோர்டுகளில் பேக்ஸ்பேஸ் ஒரு தட்டுக்குப் புள்ளியை மட்டும் எடுக்கும், அடுத்த தட்டுக்குத்தான் 'ல' போகும். பல்லி சொல்லகராதியில் இருப்பதால் பிழைதிருத்தியும் சிவப்புக்கோடு போடாது. இத்தனை சங்கடத்தில் மனம் என்ன செய்கிறது? திருத்தவேண்டிய அவசியமே வராதபடி எழுதக் கற்றுக்கொள்கிறது. முன்னால் சொன்னதை நம்பி நிற்கும் வாக்கியத்தைத் தவிர்க்கிறது. 'மேலே சொன்னபடி', 'இதற்கு மாறாக', 'அப்படியென்றால்' எல்லாம் குறைகின்றன. ஒவ்வொரு வாக்கியமும் தனியாக, யாரையும் சாராமல், பிளாட்பாரத்தில் நிற்கும் ஆள் மாதிரி நிற்கிறது.

சொன்னால் போதாது, காட்ட வேண்டும். இது ஒரு காலை வண்டியில் நான் எழுதிய பத்தி, ஒரு எழுத்தும் மாற்றவில்லை:

பல்லாவரம். இங்கதான் 1863-ல ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரி கண்டுபிடிச்சார். இந்தியாவிலேயே முதல். மே 30. நிலவியல் துறை ஆள். ரயில்ல போற யாருக்கும் தெரியாது. எல்லாரும் ஃபோனைப் பாத்துட்டிருக்காங்க.

தகவல் எல்லாம் சரி. படிக்கவும் வேகமாக இருக்கிறது. பகிர்ந்தால் 'அருமை' என்று நாலு பேர் சொல்வார்கள். ஆனால் 'முதல்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். எதில் முதல்? இந்தியாவின் முதல் கற்கோடரி பல்லாவரத்தில் செய்யப்பட்டது என்றா? பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்டதில் முதல் என்றா? அந்தப் பத்திக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அதே விஷயத்தை மேஜையில் எழுதியபோது இப்படி வந்தது:

பல்லாவரத்துச் சரளைக் குழியில் அந்தக் கல்லை ஃபூட்டுக்கு முன்பும் பலர் பார்த்திருக்கலாம், மிதித்தும் இருக்கலாம். 1863 மே மாதத்தில் அது 'கருவி' ஆனதற்குக் காரணம், நான்கு வருஷத்துக்கு முன்னால், 1859-இல், பிரான்சின் அபெவில் பகுதியில் கிடைத்த செதுக்கிய கற்கள் மிகப் பழைய மனிதர்களுடையவை என்று பிரெஸ்ட்விச்சும் எவன்ஸும் நேரில் பார்த்துவிட்டு லண்டனில் அறிவித்திருந்தார்கள். அப்படி ஒரு கல்லைத் தேடலாம் என்பதே அதன் பிறகுதான் சாத்தியமானது. சில மாதத்தில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே கிடைத்த கருவிகள் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தையவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் நிறுவினார்கள். ஆக, 'முதல்' என்பது கல்லின் வயது அல்ல, பார்வையின் வயது.

இரண்டாவது பத்தி சிறந்தது என்று நான் சும்மா சொல்லவில்லை. முதல் பத்தியில் ஒரு உயிர் இருக்கிறது: ஊர்ப் பெயர் ஜன்னலில் தெரிந்ததும் விரலில் வந்துவிட்டது. இரண்டாவதில் கடைசி வாக்கியம் கொஞ்சம் மேடைப்பேச்சு வாசனை அடிக்கிறது, அது வேறு விஷயம். ஆனால் முதல் பத்தியில் இல்லாதது நீளம் அல்ல, 'ஏன்'. அந்த 'ஏன்' கிடைக்க நான் 1859-க்குப் போய்வர வேண்டியிருந்தது. ரயிலில், எழுதும் செயலியை விட்டு வெளியே வந்து, தேடி, நெட்வொர்க் சுற்றிச் சுற்றி நின்று, திரும்ப வரும்போது சைதாப்பேட்டை. அதனால் ரயிலில் நாம் ஏற்கெனவே தெரிந்ததை மட்டுமே எழுதுகிறோம். ஏற்கெனவே தெரிந்ததில் எப்போதும் முன்வரிசையில் நிற்பது 'முதல்', 'பெரிய', 'யாருக்கும் தெரியாத' வகைத் தகவல்கள்தான். மொபைல் கட்டுரைகள் மெலிந்திருப்பதன் காரணம் சின்னத் திரை என்பதைவிட, சின்னத் திரையில் சந்தேகப்படுவது கஷ்டம் என்பது.

ரயிலில் எழுதுவதை ஆதரிப்பவர்கள் கட்டாயம் இழுக்கும் பெயர் ஆன்டனி ட்ரோலப். தபால் துறை அதிகாரி, ஊர் ஊராக ரயிலில் சுற்றியவர். 1857-இல் வந்த பார்செஸ்டர் டவர்ஸ் நாவலின் பெரும்பகுதியை ரயில் பெட்டியில், மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதியதாக அவரே தன் சுயசரிதையில் சொல்கிறார். மேஜையில் எழுதும் வேகம் சில நாளிலேயே ரயிலிலும் வந்துவிட்டதாம். மேற்கோள் காட்டுபவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். அவர் அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: பென்சிலில் எழுதியதைப் பிறகு அவர் மனைவி பிரதி எடுத்தார். ரோஸ் என்று பெயர். பிரதி எடுப்பவர் ஒவ்வொரு சொல்லையும் படித்தே தீரவேண்டும். அதாவது ரயிலில் ஓடிய எழுத்து, வீட்டுக்கு வந்து, நின்று, இன்னொருவர் கண் வழியாக ஒருமுறை நடந்துபோயிருக்கிறது. நம் காலத்திலும் உதாரணம் உண்டு. பீட்டர் பிரெட் என்ற அமெரிக்கர், நியூயார்க் சுரங்க ரயிலில் வேலைக்குப் போகவர, தன் ஃபோனிலேயே தட்டி எழுதிய கற்பனை நாவல் 'தி பெயின்டட் மேன்' என்ற பெயரில் 2008-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அவர் எழுதியதும் வீட்டுக் கணினிக்குப் போனது, பதிப்பாசிரியரிடம் போனது.

ஜப்பானில் நடந்தது வேறு வகை. அங்கே 2000-களில் கைபேசி நாவல் என்றே ஒரு வகை வந்தது. 2007-இல் அதிகம் விற்ற பத்துப் புனைவு நூல்களில் ஐந்து அப்படிப் பிறந்தவை. ஒற்றை வரி, நிறைய உரையாடல், நிறைய வெற்றிடம். புத்தகமாக வந்தபோதும் வழக்கமான செங்குத்து வரியைக் கைவிட்டுத் திரையில் இருந்தபடியே கிடைவரியாக அச்சிட்டார்கள். கெஞ்சிக் கதையை நவீன ஜப்பானியத்தில் தந்த செதோஉச்சி ஜாக்குச்சோ என்ற துறவி எழுத்தாளர்கூட, 86 வயதில், 'பர்ப்பிள்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டு ஒன்று எழுதிப் பார்த்தார். அது ஒழுங்கான வடிவம். எழுதியவர் திரையும் படிப்பவர் திரையும் ஒன்று. வெற்றிடமும் அர்த்தத்தின் ஒரு பகுதி. அதைக் காட்டி, ஆய்வுக் குறிப்பு எழுதும் நாமும் அப்படியே எழுதலாம் என்பது செல்லாது. காதல் கதையில் இரண்டு வரிக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை வாசகர் ஏக்கத்தால் நிரப்பிக்கொள்வார். கல்வெட்டுச் செய்தியில் அதே வெற்றிடத்தை வாசகர் எதை வைத்து நிரப்புவார்? வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்துத்தான்.

தமிழ்ப் பத்திரிகைக் காலத்திலும் அவசரமாக எழுதியவர்கள்தான் அதிகம். தொடர்கதைக்காரர்கள் கெடு நாளன்று, அச்சகப் பையனை வாசலில் நிற்கவைத்துக்கொண்டு எழுதிய கதைகள் ஏராளம். ஆனால் அந்தத் தாள் கம்பாசிட்டரிடம் போகும், புரூஃப் ரீடரிடம் போகும், உதவி ஆசிரியர் ஒருவர் 'சார், போன வாரம் இந்த ஆளைக் கொன்னுட்டீங்களே' என்பார். இன்றைக்கு வெளியிடும் பொத்தான் கட்டைவிரலுக்கு அரை அங்குலத்தில் இருக்கிறது. கிண்டியில் எழுதிய வரி எழும்பூரில் வாசகர் கையில்.

ஆகவே ஒரு கட்டுரையைப் பார்த்து 'மொபைல்ல தட்டினது' என்று விமர்சிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இதை எழுதியவருக்கு மேஜை இருந்ததா? கூடுவாஞ்சேரியில் ஒரு படுக்கையறை வீட்டில், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் டிவிக்கும் நடுவே, ராத்திரி ஒன்பதரைக்கு வீடு திரும்புகிறவருக்கு 'நிதானமாக உட்கார்ந்து எழுது' என்று அறிவுரை சொல்வது எளிது. பெண்கள் பெட்டியில் நிலைமை இன்னும் இறுக்கம். அந்த ஐம்பது நிமிடத்தையும் வீட்டுக்கு ஃபோன் போட்டு 'அரிசி ஊறவச்சியா' என்று கேட்பதும், அலுவலகத்துக்குப் பதில் சொல்வதும் பிடுங்கிக்கொள்ளும். ரயிலில் எழுதுவதைக் கேலி செய்தால் இவர்கள் எழுதவே மாட்டார்கள். அவர்கள் எழுதாவிட்டால், தென்சென்னைப் புறநகரின் ஏரிகள் எப்படி மனைகளாயின என்பதை, பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் அல்லாத யாரோ எழுதுவார்கள். அந்த இழப்புக்கு முன்னால் ஒற்றுப்பிழை ஒரு பொருட்டே இல்லை. அதேசமயம், ரயிலில் எழுதியது என்பதற்காகவே தட்டிக்கொடுப்பதையும் நான் ஏற்கவில்லை. அது அவர்களை வாசகனாக மதிக்காத கருணை.

நான் கண்டுபிடித்த வழி சின்னது. காலையில் எழுதுகிறேன், மாலை வண்டியில் படிக்க மட்டும் செய்கிறேன். திருத்துவதில்லை. கீபோர்டைத் திறக்காவிட்டால் திரை முழுக்க எழுத்துத் தெரியும், இருபது வரியாவது கண்ணில் ஒன்றாகப் படும், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டும் படிக்கலாம். ஒவ்வொரு வாக்கியத்திடமும் 'ஏன்?' என்று கேட்கிறேன். பதில் இல்லாததை மனதில் எண்ணிக்கொள்கிறேன். குரோம்பேட்டை வருவதற்குள் எண்ணிக்கை ஏழு, எட்டு ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை, கணினி முன்னால் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் அந்த ஏழெட்டை மட்டும் பார்க்கிறேன். இப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு அதிகமாக வெட்டுப்பட்டவை பத்தியின் கடைசி வரிகள். இறங்கும் அவசரத்தில், பத்தியை மூடவேண்டுமே என்று ஒட்டவைத்த ஒரு பெருமூச்சு அல்லது ஒரு குத்தல். பல்லாவரம் பத்தியில் 'எல்லாரும் ஃபோனைப் பாத்துட்டிருக்காங்க' என்ற வரி அப்படித்தான் போயிற்று. அதை எழுதியபோது நானும் ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.